காதுக்குக் கேட்காத சத்தத்தால் கழுவுவது எப்படி?



போன மாதம் என் மூக்குக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "புதுசா வாங்கினியா?" என்று வகுப்பில் பாதிப் பேர் கேட்டீர்கள். புதுசு இல்லை. ஏழாம் வகுப்பில் போட்ட அதே கண்ணாடிதான். மூக்கில் உட்காருகிற இடத்தில் பச்சையாகப் பிடித்திருந்த அழுக்கும், பிரேம் மூலையில் அடைத்திருந்த பவுடரும் போய்விட்டன, அவ்வளவுதான். மூன்றே நிமிடத்தில் போனது. துணியால் துடைக்கவில்லை, பிரஷ் போடவில்லை. சத்தத்தால் கழுவினேன். அந்தச் சத்தம் நம் காதுக்குக் கேட்காது.

"சும்மா கதை விடாதே" என்று சொன்னவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. இதே மெஷினை வைத்து நான் ஒரு பெரிய தப்பும் செய்தேன். அதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். "எழுதுடி, நாலு பிள்ளைக படிச்சாச் சரி" என்று அப்பத்தாவே சொல்லுச்சு. அதனால் அதையும் எழுதியிருக்கிறேன்.

மெஷின் எப்படி வந்தது?

என் மாமா கம்பத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். தண்ணீரில் விழுந்த போன், டீ கொட்டிய போன் எல்லாம் அவரிடம் வரும். உள்ளே இருக்கிற போர்டைக் கழுவ ஒரு சின்னத் தொட்டி வைத்திருந்தார். இப்போது பெரியதாக ஒன்று வாங்கிவிட்டதால், பழையதை எனக்குக் கொடுத்தார். "உடைச்சாலும் பரவாயில்ல, கையை மட்டும் உள்ள விடாத" என்றார்.

பார்ப்பதற்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸை பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்த மாதிரி இருக்கும். அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் பிடிக்கும். மேலே மூடி, முன்னால் ஒரு பட்டன். 90 விநாடி, 180 விநாடி என்று ஏறிக்கொண்டே போய் 480 விநாடி வரை வைக்கலாம். மின்சாரம் ஒரு குண்டு பல்பு அளவுதான் எடுக்கும். கண்ணாடிக் கடையிலும் நகைக் கடையிலும் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியை வாங்கி "ஒரு நிமிஷம்மா" என்று உள்ளே கொண்டுபோய்ப் போடுவார்களே, அதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

நம் காதுக்கு ஒரு விநாடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். அதற்கு மேலே போனால் மீயொலி. ஒலி பாடத்தில் படிக்கிறோம் இல்லையா, வௌவால், சோனார், ஸ்கேன் என்று, அந்த மீயொலிதான் இதுவும். என் தொட்டி விநாடிக்கு 40,000 முறை அதிர்கிறது. எங்கள் வீட்டுப் பூனைக்கு 60,000-க்கு மேலேயும் கேட்குமாம். அதனால் நான் பட்டனை அமுக்கினால் அது அடுப்படியை விட்டு ஓடிவிடும். நமக்குக் கேட்பது 'ஸ்ஸ்ஸ்' என்று தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சத்தம் மட்டும்தான். அது குமிழி உடைகிற இரைச்சல்.

தொட்டிக்கு அடியில் ஒரு வட்டமான பீங்கான் வில்லை ஒட்டியிருக்கும். கரண்ட் கொடுத்தால் அது விரியும், சுருங்கும். இதற்குத் தலைகீழான வேலையை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். கேஸ் அடுப்பு லைட்டரை 'டிக்' என்று அமுக்கினால் பொறி வருகிறதே, அதற்குள்ளும் இப்படி ஒரு சின்ன வில்லைதான். அதை அடித்தால் கரண்ட் வரும். இதில் கரண்ட் கொடுத்தால் அடிக்கும். அழுத்தினால் சில படிகங்களில் மின்சாரம் வருகிறது என்று 1880-இல் கண்டுபிடித்தவர்கள் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற அண்ணன் தம்பி. இந்தப் பியர் கியூரிதான் பின்னாளில் மேரி கியூரியின் கணவர்.

வில்லை அதிரும்போது தண்ணீரில் நெருக்கமும் நெகிழ்ச்சியும் மாறி மாறி ஓடும். நெகிழ்ச்சி வருகிற இடத்தில் தண்ணீர் இழுபட்டு, கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குமிழிகள் உண்டாகும. உடனே பின்னாலேயே நெருக்கம் வந்து அந்தக் குமிழியை நசுக்கிவிடும். ஊதி உடைகிற பலூன் மாதிரி இல்லை, உள்பக்கமாக இடிந்து விழும். பாழடைந்த வீட்டுக் கூரை உள்ளே விழுகிற மாதிரி. குமிழி ஒரு பொருளுக்குப் பக்கத்தில் இருந்து உடைந்தால், அதற்குள்ளிருந்து தண்ணீர் ஊசி மாதிரி பாய்ந்து அந்தப் பொருளின் மேல் அடிக்கும். இப்படி ஆயிரக்கணக்கான ஊசி ஒரே நேரத்தில் அடித்தால் அழுக்கு நிற்குமா? பிரஷ் நுழையாத திருகு மரைக்குள்ளேயும் தண்ணீர் நுழையும், குமிழியும் நுழையும். அதனால்தான் இதைப் பற்றிக் கேட்டதும் எனக்கு ஆசை வந்தது.

இந்தக் குமிழியை முதலில் யாரும் நல்லதாக நினைக்கவில்லை. 1894-இல் இங்கிலாந்தில் சார்லஸ் பார்சன்ஸ் 'டர்பீனியா' என்று ஒரு வேகக் கப்பல் கட்டினார். புரொப்பல்லர் வேகமாகச் சுற்றியும் கப்பல் அந்த வேகத்துக்குப் போகவில்லை. புரொப்பல்லரைச் சுற்றித் தண்ணீரில் குமிழிகள் வந்து வேலையைக் கெடுத்தன. 1917-இல் ராலே பிரபு கணக்குப் போட்டு, குமிழி இடிந்து விழும்போது எவ்வளவு பெரிய அழுத்தம் வரும் என்று காட்டினார்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். எங்கள் கிணற்று மோட்டாரில் ஒரு தடவை ஃபுட்வால்வு அடைத்துக்கொண்டது. பம்புக்குள் கூழாங்கல் போட்டுக் குலுக்கிய மாதிரி கடகடவென்று சத்தம். கழற்றிப் பார்த்தால் கல் எதுவும் இல்லை. ஆனால் உள்ளே சுற்றுகிற இம்பெல்லரில் அம்மைத் தழும்பு மாதிரி பள்ளம் பள்ளமாக இருந்தது. "தண்ணி எப்பிடிடா இரும்பத் திங்கும்?" என்று அப்பா அன்றைக்கு ஆச்சரியப்பட்டார். தின்றது இந்தக் குமிழிதான் என்று இப்போது அவருக்குச் சொல்லிவிட்டேன். நீர்மின் நிலையங்களில் சுற்றுகிற சக்கரங்களையும் இது அரிக்கும். லோயர் கேம்ப் பக்கம் போகும்போது மலையிலிருந்து ராட்சதக் குழாய்கள் இறங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அப்படிப்பட்ட இடங்களில் இன்ஜினியர்கள் இந்தக் குமிழிக்குப் பயந்து பயந்துதான் சக்கரத்தை வடிவமைப்பார்களாம்.

கடலில் ஒரு இறால் இருக்கிறது. கொடுக்கைப் படக்கென்று மூடி இதே குமிழியை உண்டாக்கி, அது உடைகிற அதிர்ச்சியில் இரையை மயக்கும். அந்தச் சத்தம் கொடுக்கு மோதுவதால் வருவதில்லை, குமிழி உடைவதால் வருகிறது என்று 2000-ஆம் ஆண்டில்தான் அதிவேகக் கேமரா வைத்துக் கண்டுபிடித்தார்கள்.

மெஷின் உண்மையா, டூப்பா?

மீயொலி என்று அட்டையில் போட்டு, உள்ளே வெறும் மோட்டார் மட்டும் வைத்து 'உர்ர்' என்று ஆட்டுகிற மெஷினும் விற்கிறார்கள். மாமா ஒரு சோதனை சொல்லித் தந்தார். பிரியாணி பார்சலில் வருகிற அலுமினியத் தாளை (கழுவிவிட்டு!) தொட்டிக்குள் நேராகத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் ஓட்ட வேண்டும். உண்மையான மெஷின் என்றால் தாளில் ஊசி குத்திய மாதிரி ஓட்டை விழும், அங்கங்கே கிழியும். டூப்பு என்றால் தாள் அப்படியே இருக்கும்.

என் தாளில் ஓட்டை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழவில்லை. பட்டை பட்டையாக விழுந்தது. ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் நடுவே ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 2 செ.மீ. ஏன் என்று கணக்குப் போட்டேன். தண்ணீரில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர். அதை 40,000-ஆல் வகுத்தால் அலைநீளம் 3.75 செ.மீ. அதில் பாதி 1.9 செ.மீ. சரியாக வந்துவிட்டது! பாடத்தில் மனப்பாடம் செய்த சூத்திரம் பிரியாணித் தாளில் தெரிந்ததும் கத்திவிட்டேன். அம்மா கரண்ட் அடித்துவிட்டது என்று ஓடி வந்தார்கள். இந்தப் பட்டைகளால்தான் கழுவுகிற பொருளை நடுவில் ஒரு தடவை திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் பளிச்சென்றும் ஒரு பக்கம் அழுக்காகவும் இருக்கும்.

கழுவுகிற முறை

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும், கொட்டவும் வேண்டும். காலித் தொட்டியை ஓட்டவே கூடாது, அடியில் இருக்கிற வில்லை கெட்டுவிடும். தண்ணீர் கை பொறுக்கிற சூட்டில் இருந்தால் நன்றாக வேலை செய்யும். ஒரு சொட்டு ஷாம்பு போதும், பாக்கெட்டைக் கவிழ்க்காதீர்கள். பொருளைப் போடுவதற்கு முன் வெறும் தண்ணீரை ஐந்து நிமிடம் ஓட்ட வேண்டும். புதுத் தண்ணீரில் காற்று கரைந்திருக்கும். அந்தக் காற்று குமிழிக்குள் புகுந்து மெத்தை மாதிரி ஆகிவிடும், அடி விழாது. முதலில் ஓட்டினால் காற்று வெளியேறிவிடும்.

பொருள் தொட்டியின் அடியில் படக் கூடாது. கூடவே வந்த பிளாஸ்டிக் கூடை உடைந்துவிட்டதால் நான் நூல் கட்டித் தொங்கவிடுகிறேன். கையை உள்ளே விடக் கூடாது. நான் ஒரு தடவை விரல் நுனியை வைத்துப் பார்த்தேன், எலும்புக்குள் கூசுகிற மாதிரி இருந்தது. செய்யாதீர்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம்: பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட் எதையும் தொட்டியில் ஊற்றக் கூடாது. கிரீஸ் நன்றாகப் போகும் என்று யாராவது சொல்வார்கள். ஓடும்போது சூடாகி ஆவி கிளம்பும், உள்ளே கரண்ட் இருக்கிறது, தீப்பிடித்துவிடும்.

பேனா நிப்பும் ஸ்பிரேயர் நாசிலும்

கழுவியதிலேயே பார்க்க அழகு இங்க் பேனா நிப்புதான். இங்க் காய்ந்து எழுதாமல் கிடந்த தாத்தாவின் பேனாவிலிருந்து நிப்பைக் கழற்றித் தொங்கவிட்டேன். பட்டனை அமுக்கியதும் நீல நிறம் ஊதுபத்திப் புகை மாதிரி நெளிந்து நெளிந்து கீழே இறங்கியது. தண்ணீரை மூன்று தடவை மாற்றினேன். மூன்றாவது தடவை தண்ணீர் சுத்தமாக இருந்தது. இந்தக் கட்டுரையின் தலைப்பு அந்தப் பேனாவால் எழுதியதுதான்.

தம்பியின் ஓட்டைக் காலணாவையும் கழுவினேன், பளபளவென்று ஆனது. பிறகுதான் தெரிந்தது, பழைய காசு சேர்ப்பவர்களுக்குப் பளபளப்பு பிடிக்காதாம். மேலே படிந்த பழைய நிறம் போனால் மதிப்பும் போச்சாம். தம்பி இன்னும் என்னோடு பேசவில்லை.

உருப்படியான வேலை என்றால் ஸ்பிரேயர் நாசில். நம் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற வீட்டுக்கெல்லாம் இந்தக் கஷ்டம் தெரியும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சைதான் எங்கள் தோட்டத்திலும். சாம்பல், அடிச்சாம்பல் என்று ஏதாவது நோய் வந்துகொண்டே இருக்கும். அடிச்சாம்பலுக்கு அப்பா போர்டோக் கலவை அடிப்பார். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். அந்தச் சுண்ணாம்பு நாசில் ஓட்டையில் போய்க் கல்லு மாதிரி இறுகிவிடும். கம்பி விட்டுக் குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடும், அப்புறம் பனி மாதிரி வராமல் ஒன்றுக்குப் போகிற மாதிரி ஒழுகும் (மன்னிக்கவும், தம்பி சொன்னது). அதனால் அப்பா நாசிலை வாயில் வைத்து ஊதுவார். எத்தனை தடவை சொல்லியும் கேட்டதில்லை. காலையில் பூச்சி மருந்து அடித்த அதே நாசிலைத்தான் சாயங்காலம் வாயில் வைத்து ஊதுகிறார்.

நாசிலைத் தொட்டியில் போடலாம் என்றால், "கண்ணாடி கழுவுறதுல விஷத்தப் போடுவியா?" என்று அம்மா சண்டை. நியாயம்தான். அதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஒரு சின்னக் கண்ணாடி ஜாடியில் வினிகர் கலந்த தண்ணீரும் நாசிலும் போட்டு, மூடி, அந்த ஜாடியைத் தொட்டித் தண்ணீருக்குள் நூலில் நிறுத்த வேண்டும். சத்தம் கண்ணாடியைத் தாண்டி உள்ளே போய்விடும், விஷம் வெளியே வராது. ஜாடியில் சிவப்பு பெயின்ட்டால் 'விஷம்' என்று எழுதிப் பரண் மேல் தனியாக வைத்திருக்கிறோம். கையுறை போட்டுத்தான் தொடுவேன். நாசிலைத் தோட்டத்திலேயே நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பித்தளை என்பதால் வினிகரில் ரொம்ப நேரம் ஊற விடுவதில்லை. ஆறு நிமிடம், திருப்பிப் போட்டு இன்னொரு ஆறு நிமிடம். சுண்ணாம்பு மாவு மாதிரி கீழே உதிர்ந்து கிடக்கும். போன கவாத்துக்குப் பிறகு அப்பா நாசிலை வாயில் வைத்து நான் பார்க்கவில்லை. நான் இல்லாதபோது வைக்கிறாரா என்று தெரியாது.

அப்பத்தாவின் கம்மல்

இப்போது அந்தத் தப்பு.

அப்பத்தாவிடம் ஒரு ஜோடி ஏழுகல் கம்மல் உண்டு. சிவப்புக் கல், அப்பத்தா 'கெம்பு' என்று சொல்லும். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. கல்யாணத்துக்குப் போட்டது. ஒவ்வொரு வருஷமும் கவாத்துச் செலவுக்கு அடகுக்குப் போகும், அறுப்பு முடிந்ததும் திரும்பி வரும். எங்கள் தோட்டத்தில் பாதி அந்தக் கம்மலால் நடக்கிறது என்று அப்பாவே சொல்வார். ஆவணியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். கம்மல் எண்ணெய் இறங்கி மங்கலாக இருந்தது. அம்மா வழக்கமாகப் பூந்திக்கொட்டையை ஊறப்போட்டு, அந்த நுரையைப் பழைய டூத்பிரஷ்ஷில் தொட்டு மேலாகத் தேய்ப்பார்கள். நான்தான் பெரிய ஆள் மாதிரி, "கொடு அப்பத்தா, நகைக்கடையிலயே இதுலதான் போடுறாங்க" என்று வாங்கினேன்.

அழுக்கு சீக்கிரம் போகட்டும் என்று தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஊற்றினேன். 480 விநாடி. எடுத்துப் பார்த்தேன், கல்லுக்கு ஓரத்தில் இன்னும் கறுப்பு இருந்தது. மறுபடி 480. தண்ணீர் கலங்கலாக, லேசாகப் பழுப்பாக வந்தது. அழுக்குதான் போகிறது என்று சந்தோஷப்பட்டேன். தண்ணீரை அங்கணத்தில் கொட்டிவிட்டுக் கம்மலைத் துடைத்தால், இடது கம்மலில் இரண்டு குழி காலியாக இருக்கிறது. வலது கம்மலில் மூன்று கல் சிவப்பாக இல்லை, கறுப்பாக, காய்ந்த ரத்தம் மாதிரி இருக்கிறது.

நானும் தம்பியும் அங்கணக்குழி மண்ணை அள்ளி, மாவுச் சல்லடையில் சலித்தோம். ஒரு கல் கிடைத்தது. இன்னொன்று கிடைக்கவே இல்லை. அப்பத்தா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில், "கல்லு போனாப் போகுது, காது தூந்துரும்" என்று சொல்லி, வேப்பங்குச்சியை ஒடித்துச் சீவி இரண்டு காதிலும் சொருகிக்கொண்டது. கல்யாணத்துக்கும் அப்படியேதான் வந்தது. போட்டோ எடுக்கும்போது முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டது. அந்தப் போட்டோ எங்கள் வீட்டில் இருக்கிறது. நான் அதைப் பார்ப்பதில்லை.

சின்னமனூரில் ஒரு ஆசாரியிடம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "சுடுதண்ணில ஊறப் போட்டீங்களா?" என்று கேட்டார். பிறகு ஒரு கல்லைக் கழற்றி எனக்குக் காட்டினார். பழைய கம்மலில் கல்லுக்குப் பின்பக்கம் மூடியிருக்கும். கல்லுக்கு அடியில் மெல்லிய ரேக்கு ஒன்று வைத்திருப்பார்கள். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புவதால்தான் கல் ஜொலிக்கும். அதற்கும் அடியில் அரக்கு. அந்த அரக்குதான் கல்லைத் தாங்கும். சூட்டில் அரக்கு இளகும். என் தொட்டியில் அரக்கு இளகியது, குமிழி அதை அரித்துக் கரைத்தது, கல் விழுந்தது. விழாத கல்லுக்கு அடியிலும் தண்ணீர் புகுந்து ரேக்கு கறுத்துவிட்டது. நான் அழுக்கு என்று நினைத்துச் சந்தோஷப்பட்ட பழுப்புத் தண்ணீர், அரக்கு.

"நகைக்கடைல போடுறாங்களே?" என்று கேட்டேன். அங்கே போடுவது பெரும்பாலும் வெறும் தங்கம், அல்லது கம்பிக் கொக்கியால் கல்லைப் பிடித்திருக்கிற புதுமாதிரி நகை என்றார். பாம்படம், தண்டட்டி மாதிரி பழைய நகைகளுக்குள்ளேயும் அரக்குதான் நிரப்பியிருக்கும், மேலே தங்கத் தகடு மட்டும்தான் என்றார். முத்து, பவளம் இரண்டும் மென்மை, மேல்பக்கம் கெட்டுப்போகும். மரகதத்தில் வெடிப்பு இருக்கும், அதற்குள் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், அந்த எண்ணெய் போனால் வெடிப்பு வெளியே தெரியும். இவை எதையும் போடக் கூடாது.

மெஷினுக்கு எது அழுக்கு, எது பொருள் என்று தெரியாது. எது லேசாக ஒட்டியிருக்கிறதோ அதைப் பெயர்க்கும். மூக்குப் பவுடரும் அதற்கு ஒன்றுதான், அரக்கும் ஒன்றுதான். ஒரு பொருளை உள்ளே போடுவதற்கு முன் அது எதால் ஒட்டியிருக்கிறது என்று நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் கேட்கவில்லை. பூந்திக்கொட்டையில் ஏன் மேலாகத் தேய்க்கிறீர்கள், ஏன் ஊறப்போடுவதில்லை என்று அம்மாவைக் கேட்டிருந்தாலே போதும்.

தாத்தாவின் வாட்ச்

கம்மலுக்குப் பிறகு ஒரு மாதம் மெஷினைத் தொடவில்லை. பரண் மேல் ஏற்றிவிட்டேன். இறக்கக் காரணம் தாத்தாவின் வாட்ச்.

சாவி கொடுக்கிற ஹெச்.எம்.டி. வாட்ச் அது. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு 1961-இல் பெங்களூரில் ஹெச்.எம்.டி. வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது. அந்தக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், மாப்பிள்ளை ஆனவர் எல்லோர் கையிலும் அதுதான் இருக்குமாம். வாட்ச் கம்பெனியை மூட 2016-இல் மத்திய அரசு முடிவு செய்துவிட்டது. தாத்தா இறந்தபிறகு வாட்ச் ஓடவில்லை. எண்ணெய் காய்ந்து பிசின் மாதிரி ஆகியிருக்கும் என்று மாமா சொன்னார். பழைய நானாக இருந்தால் அப்படியே தொட்டிக்குள் முக்கியிருப்பேன்.

இந்தத் தடவை முதலில் உத்தமபாளையத்தில் வாட்ச் ரிப்பேர் செய்கிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோய், "இதுல எது எதால ஒட்டியிருக்கு தாத்தா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லையாம். பின்மூடியைத் திறந்து ஊசி முனையால் காட்டினார். வாட்சுக்குள் நங்கூரம் மாதிரி ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. 'டிக் டிக்' என்ற சத்தம் அதனால்தான் வருகிறது. அதன் இரண்டு நுனியிலும் கடுகை விடச் சின்னதாய்ச் சிவப்புக் கல். செயற்கைக் கெம்பு. அந்தக் கல்லை எதால் ஒட்டியிருக்கிறது தெரியுமா?

அரக்கு!

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அரக்குப் பூச்சி இலந்தை, புரசு மாதிரி மரங்களில் ஒட்டி வாழும். அது கசிகிற பிசின் அப்பத்தா கம்மலிலும் இருக்கிறது, ஹெச்.எம்.டி. வாட்சிலும் இருக்கிறது. ஸ்பிரிட்டில் போட்டால் அரக்கு கரையும், அதனால் அந்தத் துண்டை ஸ்பிரிட்டில் ஊற வைக்கவே மாட்டேன் என்றார் பெரியவர். முடியை விட மெல்லிய சுருள்வில்லையும் தனியாகக் கையால்தான் கழுவுவாராம். பல்சக்கரம், தகடு, திருகு இவை மட்டும் தொட்டிக்குப் போகலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷினைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்கே போனேன். அவர் கழற்றித் தந்த சக்கரங்களைச் சின்ன டீ வடிகட்டியில் போட்டு, தண்ணீர் அதிகம் சூடு இல்லாமல், மூன்று நிமிடம் வைத்து எடுத்தோம். எடுத்ததும் ஹேர் டிரையரில் காயவைத்தார், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும். எண்ணெய் ஊசியால் தொட்டு வைத்துப் பூட்டினார். சாவி கொடுத்ததும் ஓடியது. இப்போது நாளுக்கு இரண்டு நிமிடம் ஸ்லோ. தாத்தா இருக்கும்போதும் அப்படித்தான் ஓடுமாம்.

பேட்டரி வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதற்குள் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிற குவார்ட்ஸ் படிகம் ஒன்று இருக்கிறது. தொட்டியின் அதிர்வு பட்டால் அது உள்ளேயே உடைந்துபோகலாம். போன் போர்டிலும் இப்படிப் படிகங்கள் உண்டு. மாமா பேட்டரி, கேமரா, மைக், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வேறு எந்த வழியிலும் பிழைக்காது என்று தெரிந்த போர்டைத்தான் தொட்டியில் போடுவார். வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். கண்ணாடியிலும் லென்ஸ் மேல் பூச்சு உரிந்திருந்தால் போடாதீர்கள், மிச்சமும் உரியும்.

கம்மல் போன வாரம்தான் வந்தது. கூலியைத் திராட்சைப் பணம் வந்ததும் அப்பா கொடுத்தார். இடது காதில் கீழ்ப்பக்கம் ஒரு கல் மட்டும் மற்றதை விடக் கொஞ்சம் வெளுப்பு. வாங்கி மாட்டியதும் அப்பத்தா என்னைக் கூப்பிட்டு, பூந்திக்கொட்டையை எத்தனை நேரம் ஊறப்போட வேண்டும், பிரஷ்ஷை எந்தப் பக்கமாக இழுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துச்சு.

கண்ணாடி, இங்க் பேனா நிப்பு, சைக்கிள் செயின் துண்டு கழுவ வேண்டியவர்கள் சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வரலாம், கரண்ட் இருந்தால் கழுவித் தருகிறேன். ஷாம்பு பாக்கெட் நீங்களே கொண்டுவர வேண்டும். கம்மல், மூக்குத்தி, மோதிரம் எதுவும் வாங்க மாட்டேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி